வாய்மொழியாக விளக்கப்பட்டது

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் கடைசி வரியிலிருந்து கிளம்பியது: 'மருத்துவ உரிமைகளும் சலுகைகளும் இவருக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டன.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று, பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்றவருடையது. மற்றது, விளக்கிய குமாஸ்தாவுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குண்டுகள் முழங்கிய அந்தப் போர்க்களத்தில்...' வேண்டாம். போர்க்களத்தை நான் கண்டேனா? எனக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகம்தான்.

2

முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மூன்றாம் எண் மேசை. எதிரே காதில் பஞ்சோடு பீரங்கிக்காரர், பக்கத்தில் அவர் மனைவி. சீழ் எலும்பு வரை போய்விட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். படைவீரர் மருத்துவமனையில் அது இலவசம். ஆனால் உரிமையை விளக்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டு ஓடிவிட்டது.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலையேம்மா," என்றாள் மனைவி.

"சொல்லியிருக்காங்களே. இதோ, சார் கையெழுத்து," என்றாள் குமாஸ்தா.

"அவருக்கு எங்கம்மா காது கேட்டுது? வீட்டுக்கு வந்த அன்னைக்கே டமாரம். நான் எது சொன்னாலும் தலையாட்டுவாரு. மனுஷன் திருந்திட்டாருன்னுல்ல நெனச்சேன்!"

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தை இன்னொரு முறை பார்த்தாள். விளக்கியவர் கையெழுத்து அவளுடையது.

3

(இடையில் ஒரு குறிப்பு. ஒன்பது ஆண்டுக்கு முன், அவர் ஓய்வு பெற்ற அன்று, கூடத்தில் நாற்பது பேர், அத்தனை பேரும் பீரங்கிப் படை. ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு நின்றார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்ததால் அவள் உரிமை விளக்கத்தின் பதினாறு பக்கத்தையும் மூச்சுவிடாமல் படித்தாள். "புரிஞ்சுதா?" என்றாள். நாற்பது தலையும் ஆடின. இருபது வருடம் பீரங்கியின் பக்கத்தில் நின்றவர்களிடம் வாயால் படிக்கிறோமே என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.)

'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. அந்தக் குமாஸ்தா நான்தான்.

4

முடிவு ஒன்று: 'இவருக்குக் கேட்கவில்லை, நான் கவனிக்கவில்லை' என்று அவள் எழுதிக் கொடுக்கிறாள். அவள் வேலை போகிறது, அவர் காது பிழைக்கிறது.

(எழுதிக் கொடுத்தேன். "கேக்கலேன்னா அவர்தானே அன்னைக்கே சொல்லியிருக்கணும்?" என்று மேலதிகாரி கோப்பை மூடிவிட்டார். என் வேலைகூடப் போகவில்லை.)

முடிவு இரண்டு: அமைச்சரே தலையிட்டு... சே, இதை நானே நம்பமாட்டேன்.

முடிவு மூன்று: இலவச சிகிச்சை மறுக்கப்பட்டதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன் வைத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அறையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார்:

"அன்னைக்கும் இப்படி எழுதிக் காட்டியிருக்கலாமேம்மா?"

என்னால் தலையாட்டத்தான் முடிந்தது.

5

இது முடிவல்ல. அந்தக் கூடத்தில் இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கெடு முடிந்துவிட்டது, அது அவர்களுக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது? எனக்கு எழுத வரவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது புரிந்ததா?

தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.