கரை விளக்கை ஏற்றச் சொன்னவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "அறுபத்தஞ்சு பாகிஸ்தான் சண்டையில நம்ம கரையிலயே ஒரு உளவாளியப் புடிச்சாங்க" என்று பெருமையாகச் சொன்னார். என்ன செய்தான் என்று கேட்டேன். "வெளக்கு ஏத்துனான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

'அலைகள் அமைதியாக' (அடித்துவிட்டேன். ஆட்கள் கடலில் கிடக்கும்போது அலைக்கு என்ன அமைதி?)

மறுபடி. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். கட்டுமரங்கள் கரை கண்டு திரும்ப, வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து மூங்கில் கம்பத்தில் விளக்கு ஏற்றுவார்கள். அன்று அஞ்சம்மாள் முறை. அவளோ வீட்டுக்குத் தூரம். அந்த நாட்களில் பெண்கள் கரை விளக்கைத் தொடக்கூடாது. புருஷன் கடலில். பக்கத்து வீட்டுக் கருவாட்டு வியாபாரி நெய்னா முகமதை ஏற்றச் சொன்னாள். சண்டைக்காக, கரையில் ராத்திரி வெளிச்சம் கூடாதென்று இருட்டடிப்பு உத்தரவு வந்திருந்தது இருவருக்குமே தெரியும்.

"கடல்ல கெடக்கறவங்களுக்கு உத்தரவு தெரியுமாக்கா" என்று ஏற்றினான்.

முந்தின நாள் அதே உத்தரவை மீறித் தன் முறைக்கு ஏற்றிய குப்புவை யாரும் ஏனென்று கேட்கவில்லை. நெய்னாவை, பெயரைக் கேட்டதுமே, எதிரிக்குச் சைகை காட்டியவன் என்று போலீஸார் இழுத்துப்போனார்கள்.

3

(இங்கே தட்சிணாமூர்த்தி வருகிறார். சிதம்பரத்தில் மனோதத்துவம் கற்பிப்பவர். நெய்னா கைதானதிலிருந்து சோறு இறங்காமல் கிடந்த அஞ்சம்மாளுக்கு ஆலோசனை சொல்ல, குப்பத்துக்கு வந்துபோன ஓர் அதிகாரி அனுப்பியிருந்தார். இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. நல்லவர்தான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.)

"நான்தான் ஏத்தச் சொன்னேன் சார். போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா ஒங்களையும் உள்ள வெச்சிடுவாங்கம்மா. நாட்டுக்கு ஆபத்தான நேரம். கொஞ்ச நாள் போனா மனசு தானா மறந்துடும்."

"என் மனசு மறந்தா நெய்னா தம்பி வெளிய வந்துடுமா?"

அதற்கு அவர் (எதை எழுதினாலும் அசிங்கமாக இருக்கிறது.) பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

4

ஒரு முடிவு: அவள் போய்ச் சொல்கிறாள், நெய்னா வீடு திரும்புகிறான். (பொய். அந்தக் காலம் எனக்குத் தெரியும்.)

இன்னொன்று: அவள் மறக்கிறாள், குப்பமே சேர்ந்து மறக்கிறது. (கை கூசுகிறது.)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். நெய்னாவின் மனைவி அஞ்சம்மாள் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"அவர வெளக்கு ஏத்தச் சொன்னது யாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

அஞ்சம்மாள் வாயைத் திறக்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அந்த வாயை மூடவைத்து முடிப்பதானால், கீழே என் பெயரைப் போடாதீர்கள். உங்கள் பெயரைப் போடுங்கள்.