ஓடாத நண்டு

பாறை நண்டு பிடிப்பதில் எங்கள் தீவில் கஸ்பாரை மிஞ்ச ஆளில்லை. கறுப்பும் பாசிப்பச்சையுமாகப் பாறையோடு பாறையாய் ஒட்டிக் கிடக்கும் அந்த நண்டு, ஓடினால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். ஓடிவிட்டால் பிடிக்க முடியாது. அவர் கண்ணுக்கு மட்டும் அது சும்மா இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அன்று கடல் வற்றியிருந்த நேரத்தில் போனவர், திரும்பிவந்து குளித்துவிட்டுப் பையைக் கவிழ்த்தார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவர் மனைவி வெனான்சியா எட்டிப் பார்த்தாள். இரண்டு சின்ன நண்டுகள். கூடவே, வெளிறிய ஓட்டில் செம்பழுப்புத் திட்டுகளோடு ஒரு குரெட். வேகவைத்தாலும் விஷம் போகாத நண்டு அது.

"என்னய்யா, குரெட்டைக் கொண்டாந்து போட்டிருக்க? என்னைக் கொன்னுட்டு, சந்தையில மீன் விக்கிறவளைக் கட்டிக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"எதுடி குரெட்?" என்று தரையைத் தடவினார். பிறகு அவர் முகம் வெளுத்தது. "வர்ற வழியில ரூபிங்குக்கு ரெண்டு குடுத்தேனே!"

வெனான்சியா ஓடினாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் கொடுத்ததென்று பார்க்காமலே வேகவைத்திருந்த ரூபிங்கின் மனைவி பெட்ரா கரண்டியை எடுத்திருந்தாள். வெனான்சியா சட்டியைத் தள்ளிக் கவிழ்த்தாள்.

"அண்ணி, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று ரூபிங் எழுந்தான். மணலில் கிடந்த குரெட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றான். "அண்ணனுக்கா தெரியாமப் போச்சு?"

வீட்டுக்கு வந்து அவள் கேட்டாள், "எப்பலேருந்து?"

"போன மழைக்காலத்துலேருந்து. ஒம் மொகம் தெரியுது. பாறையும் தெரியுது. நண்டுதான் தெரியல. சந்துக்குள்ள கைய விட்டுத் துழாவுவேன். எல்லாம் ஓடிரும். இன்னைக்கு ரெண்டு மூணு ஓடாம கைக்கு வந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு வெனான்."

யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த தடவை அவர் கொடுத்ததைப் பெட்ரா சிரித்தபடி வாங்கி, கொல்லையில் புதைத்தாள். அவள் மகள் அதை வெளியில் சொல்லி, அது கஸ்பார் காதுக்கும் வந்துவிட்டது.

அதன்பின் வெனான்சியா அவரோடு பாறைக்குப் போனாள். "அந்தா, ஒன் எடது கைப் பக்கம்!" என்பாள். அவர் திரும்புவதற்குள் அது போயிருக்கும். ஒருநாள் அவர் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

இப்போது கடல் வற்றும்போதெல்லாம் அவர் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பாறைக்குப் போகிறவர்கள், பையோடு அவர் முன்னால் போக மனமில்லாமல் தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.