சட்டியில் இருந்தது எவ்வளவு

பெருமாநல்லூர் ரோட்டில், பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பதினான்கு லைன் வீடுகளிலும் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது சாரதாமணியின் வேலை. அரைவயிறு உண்கிற கர்ப்பிணிகள் இருக்கிற இடத்துக்குத்தான் பால்பவுடரும் கோதுமையும் வரும். இன்று மூன்றாம் நாள். மாலைக்குள் தாள்கள் சுகாதார ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

அளவு காட்டச் சொல்லிச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று கிண்ணங்களை நீட்டுவாள். எல்லோரும் பெரிதைத்தான் தொட்டார்கள். தாளை நம்பினால் அந்த லைன் முழுக்கப் பயில்வான்கள்தான். கண்ணை நம்பினால், வளையல் முழங்கை வரை ஏறிப்போகிற பெண்கள். வந்த ஆள் முன்னால், அதுவும் புருஷன் நிற்கையில், வயிறு நிறையவில்லை என்று எவள் சொல்வாள்? குடும்ப மானம் சந்திக்கு வந்துவிடாதா!

கடைசி வீடு பொன்னாத்தாளுடையது. ஏழு மாதம், கம்பெனியில் பனியன்களின் நூல்பிசிறு வெட்டுகிறாள். பதில் சொன்னதோ அவள் புருஷன் கந்தவேல்.

"சோத்துக்கு ஒண்ணும் கொறையில்லீங்க அம்மிணி. நேத்து நான் ரெண்டு வட்டல் சோளச்சோறு உண்டனுங்க. அவளும் அப்படித்தானுங்க."

"அவங்க உண்டத நீங்க பாத்தீங்களா?"

"நான் உண்டுட்டு ஷிப்டுக்குப் போயர்றனுங்களே."

சாரதாமணிக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்களுக்குக் கிண்ணமும் கிடையாது, வட்டிலும் கிடையாது. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியோடு உட்கார்ந்து வழித்துத் தின்கிறவர்கள். மூன்று நாளாகப் புருஷன்மார் சோற்றையல்லவா பெண்டாட்டிகள் பேரில் எழுதியிருக்கிறாள்! பல்லடத்தில் அவள் அம்மாவும் சட்டியில்தான் உண்பாள். அது எப்படி மறந்து தொலைந்தது?

"அக்கா, சோத்துச் சட்டியக் கொண்டாங்க. நேத்துப் பொழுதுசாய நீங்க உண்ண உக்காரையில சோறு எந்த மட்டத்துக்கு இருந்துச்சோ, அந்த மட்டத்துக்குத் தண்ணி ஊத்துங்க. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பொன்னாத்தாள் சொம்பைச் சாய்த்து, உடனே நிமிர்த்திக்கொண்டாள். அந்தத் தண்ணீரைச் சிறிய கிண்ணத்தில் வடித்தபோது பாதிகூட நிரம்பவில்லை.

கந்தவேல் சிரித்தான். "இன்னும் ஊத்து புள்ள."

"அவ்வளவுதானுங்க."

"தெனமுமா?"

"நீங்க ரெண்டாவது வட்டல் கேக்காத அன்னிக்குக் கொஞ்சம் கூட இருக்குங்க."

அவன் முகம் செத்துப்போனது. ஏதாவது கத்தப்போகிறான் என்று சாரதாமணி பயந்தாள். அவனோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"வாங்க அம்மிணி. மறுக்கா மொத ஊட்டுல இருந்து போலாமுங்க."

முதல் வீட்டு வாசலில் பொங்கியண்ணன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "எங்கூட்டுல ஒண்ணும் கொறையில்லீங்..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு மாப்ள," என்றான் கந்தவேல். "உனக்கொண்ணும் தெரியாது. எனக்கும் தெரியல. தங்கச்சி ஊத்தட்டும்."

பதினான்கு வீட்டுப் பெண்களும் ஊற்றினார்கள். ஒரு கிண்ணமாவது நிரம்ப வேண்டுமே! பழைய எண்களை எல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதும்போது சாரதாமணிக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் அந்த மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகப் பேனாவை மூடினாள்.

அடுத்த மாதமே கோதுமையும் பால்பவுடரும் வந்து இறங்கின. வரிசையில் முதல் ஆளாகப் பையோடு நின்றவன் கந்தவேல்.

"பொன்னாத்தாளுக்கு வாங்க வந்தனுங்க," என்றான். "இப்பெல்லாம் அவ உண்டதுக்கப்புறந்தானுங்க நான் உக்கார்றது."