மூணாவது வரிசைப் புல்லு

கொழுக்கட்டைப்புல்லு எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. ஏரிக்கரையில இடுப்பு உசரம் நிக்கும். எங்க ஊரு, மாமல்லபுரத்துப் பக்கம், மணல் மேய்ச்சக்காட்டுல மட்டும் தரையோட ஒட்டிகினு படரும். மண்ணால அப்படியா, பொறப்பே அப்படியான்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேல. செங்கல்பட்டு காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேன். பேரு ரூத்.

அந்தக் காட்ட குடோன் கட்ட எடுக்கப் போறாங்க. "அங்க மட்டும் வளர்ற தனி ரகம்னு காட்டுங்க, விட்டுடறோம்"னு நெலம் எடுக்குற கமிட்டி சொல்லிச்சு. எங்கம்மா சந்திரம்மாவோட ஆடுங்களுக்கு அத வுட்டா வேற போக்கிடம் இல்ல. எங்க ஜனத்துக்கு நெலமுன்னு ஒரு சென்ட் கெடையாது. என்னப் படிக்க வெச்சதே அந்த ஆடுங்கதான்.

காட்டு மணலையே அள்ளியாந்து வூட்டுப் பின்னாடி கொட்டி, மூணு வரிசை நட்டேன். செங்கல்பட்டு ஏரிக்கரைப் புல்லு, திருக்கழுக்குன்றத்து மலையடிப் புல்லு, மூணாவதா எங்க காட்டுப் புல்லு. தண்ணி ஊத்துறது அம்மா. ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு வந்து நான் நின்ன வாக்குலயே கோல் வெச்சு அளப்பேன். மொத ரெண்டும் மளமளன்னு வளந்துச்சு. மூணாவது அப்படியே குட்ட! எனக்குத் தலகால் புரியல. நட்ட அன்னிக்கே, கர்த்தரே, எங்க காட்டுப் புல்லு மட்டும் குட்டையாவே இருக்கட்டும்னு வாய்விட்டு அழுது ஜெபம் பண்ணியிருந்தேன்.

கடைசி அளவுக்குக் கிட்டப் போயி குனிஞ்சு பாத்தா, அந்த வரிசையில எந்தத் தாளுக்கும் நுனியே இல்ல. அருவா பட்ட வெட்டு.

"யம்மா! இன்னாமா பண்ணி வெச்சிகீற?"

அம்மா ஆட்டுக்குத் தழ கட்டிகினு இருந்தா. நிமிரவே இல்ல. "நீதானே குட்டையா இருக்கணும்னு அழுது ஜெபம் பண்ணே? அது பாட்டுக்கு வளந்துகினே போச்சுடி. அதான் அறுத்து வுட்டேன்."

"அய்யோ, என் பொழப்பையே கெடுத்துட்டியே!" வாயில வந்ததெல்லாம் பேசினேன். எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது.

அப்புறம் அறுக்காம வுட்டோம். ஒரு மழதான். மூணு வரிசையும் ஒரே உசரம், ஒரே கதிரு. தனி ரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காட்டுல அது குட்டையா கெடந்ததுக்குக் காரணம் மண்ணு இல்ல, பொறப்பு இல்ல. எங்க ஆடுங்க மேய்ஞ்சு மேய்ஞ்சுதான் அப்படி.

கமிட்டியில அதத்தான் சொன்னேன். காட்ட எடுத்துக்கலாம்னு எழுதிகினாங்க. முன்னாடி அளந்தத மட்டும் காட்டியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அம்மா கடைசி நாற்காலியில உக்காந்து கேட்டுகினு இருந்தா.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல நின்னோம். ரெண்டு பஸ்ஸு வந்துச்சு, ஏறல.

"நீ தனிப் புல்லுன்னு சொல்லியிருந்தா காடு நின்னிருக்குமாடி, ரூத்து?"

"நின்னிருக்கும்மா."

அம்மா முந்தானைய வாயில பொத்திகினா.

"இதுக்குக்கூட ஒரு பொய் சொல்ல வரலியேடி உனக்கு"ன்னு சொல்லி அழுதா.