இரண்டு மேடு, ஒரு சுற்று

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கிடக்கும் ஒரு கல்லுக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இருவருக்கும் ஒரே வானாய்வுக் கூடத்தில் வேலை. அந்தக் குறுங்கோள் சூரியனைச் சுற்றிவர நாலரை வருடம் ஆகும். தன்னைத்தானே சுற்ற எவ்வளவு நேரம் என்பதை அதன் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துக் கணக்கிட்டார்கள். வரைபடத்தில் ஒரே அச்சில் வார்த்தது போல மேடுகள் விழுந்தன. ஒரு மேடு ஒரு சுற்று, ஐந்தரை மணி நேரம் என்று ஆய்வுக் கூட்டத்தில் அடித்துச் சொன்னார் அண்ணன்.

"கல்லு நீளவாக்குல இருக்குண்ணே. ரெண்டு பக்கமும் மாறி மாறி மின்னுது. ரெண்டு மேடு சேர்ந்தாத்தான் ஒரு சுத்து. பதினோரு மணி நேரம்" என்றான் தம்பி.

"மொதல்ல ஒண்ணு, ரெண்டு எண்ணக் கத்துக்கிட்டு வா."

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

கல்லும் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி நன்றாகத் தெரியப் பதினைந்து மாதம் ஆகும். பதினோராம் மாதம் தம்பி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிய அண்ணனுக்கு முகம் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருந்தது.

நாலு மாதம் கழித்து கல் வேறு கோணத்தில் தெரிந்தது. இந்த முறை ஒரு மேடு உயரம், அடுத்தது குட்டை, மறுபடி உயரம். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் பதினோரு மணி நேரம். அண்ணன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்தார்.

ஞாயிறு காலை வரைபடத்தோடு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் சொன்னதுதாம்மா சரி."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவருக்குத் தெரியும் மாமா. 'அடுத்த வருஷம் அண்ணனே பார்ப்பாரு, பார்த்த கையோட போன் பண்ணுவாரு'ன்னு சொல்லிட்டே இருந்தாரு."

அண்ணன் கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தார். "கட்டுரையில அவன் பேரைத்தான் முதல்ல போடப்போறேன்."

"போடுங்க. இவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பத்து வயது மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார், தான் சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்ததும் உட்பட.

"உங்களுக்குத்தான் அன்னிக்குச் சரியாத் தெரியலையே, பெரியப்பா. அப்பாவை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தப்புத்தாம்மா."

அவள் தாளை வாங்கி, மேடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எது உயரம், எது குட்டை என்று அண்ணன் குனிந்து காட்டினார். தம்பி மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.