பழுது காணப்படவில்லை

முதல் சீட்டில் இந்த வரிதான் இருந்தது. ஆறு வாரம் கழித்து வாங்கிய இரண்டாவது சீட்டிலும் இதே வரி, அதே நீல முத்திரை. சர்வீஸ் சென்டரில் வேறு யார் கையில் இது கிடைத்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அம்மா படித்துவிட்டு, நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சீட்டை மடித்ததும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் வந்த களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததையும் சேர்த்து இங்கே எழுத வேண்டும்.

லேப்டாப் என்னுடையது. பகலில் கூரியர் ஆபீசில் பார்சல்களைப் பதிவு செய்கிறேன். வாரம் மூன்று நாள் மாலையில் கட்டட வரைகலை வகுப்பு. "சாதாரண லேப்டாப் இழுக்காது, கேமிங் லேப்டாப்தான் வேணும்" என்று வகுப்பில் சொன்னதால் வந்தது. செங்கல் கனம், விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு, வேலை அதிகமானால் மிக்ஸி ஓடுவதுபோல் சத்தம். அதில் நான் ஒரு கேம்கூட ஆடியதில்லை. ஆடியது அம்மா.

வாங்கும்போதே உள்ளே ஒரு லாரி ஓட்டும் கேம் இருந்தது. வகுப்பில்லாத ஒரு மாலை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது சும்மா தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதத்தில், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத என் அம்மா, பதினெட்டுச் சக்கர லாரியை மலைப்பாதையில் பின்பக்கமாக எடுத்து ஓரம் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் லாரி ஓட்டும் சத்தத்தில் எனக்குச் சமையல் சீக்கிரம் முடிந்தது.

ஒருநாள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வா! ரோட்டுல என்னமோ மினுமினுங்குது."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்து, திரையை நேராக்கி, பார்த்தேன். ரோடு ரோடாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"இப்பத்தான் இருந்தது. கீழ, வலது பக்கம். மண்ணை வாரி வீசின மாதிரி."

அன்றே நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், எந்தப் பாதை, சார்ஜர் சொருகியிருந்ததா, எவ்வளவு சூடு. கடைசியில் இரண்டு கட்டம்: அம்மா பார்த்தது, நான் பார்த்தது.

கிராபிக்ஸ் கார்டில் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். "டிரைவரை மாத்திப் பாக்கறேன்" என்றேன்.

"எதுக்கு மாத்தற? நான் நல்லாத்தானே ஓட்டறேன்?"

"உன்னை இல்லம்மா. அது உள்ள இருக்கற சாஃப்ட்வேர்."

"அப்ப சரி. வேலையை விட்டுத் தூக்கற மாதிரி சொன்னியா, பயந்துட்டேன்."

மாற்றினேன். மறுபடியும் கூப்பிட்டாள். போனேன், உட்கார்ந்தேன், திரையை நேராக்கினேன், பார்த்தேன், ஒன்றும் இல்லை. அடுத்த முறை வந்தால் எந்த விசையை அழுத்தினால் திரை அப்படியே படமாகப் பதியும் என்று சொல்லிக்கொடுத்தேன். அழுத்தியிருந்தாள். படத்தைத் திறந்தால் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. போனில் எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். போனில் எடுத்தால் எந்தத் திரையிலும் கோடு விழும், அது கணக்கில்லை என்று நானே தடுத்துவிட்டேன்.

இரண்டு முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். முதல் முறை நான்கு நாள் வைத்திருந்து சோதித்தார்கள். இரண்டாவது முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தந்தார்கள். சீட்டு மட்டும் மாறவில்லை.

என் நோட்டில் பதினேழு வரிசை சேர்ந்தது. 'அம்மா பார்த்தது' கட்டத்தில் பதினேழு 'ஆம்'. 'நான் பார்த்தது' கட்டத்தில் பதினேழு 'இல்லை'. அந்த நோட்டை அவள் கண்ணில் படும்படி மேசைமேல்தான் வைத்திருந்தேன்.

அதன்பிறகு அம்மா கூப்பிடவில்லை. புதிதாக ஏற்றியது பலித்துவிட்டது என்று தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி மில்லில் இருபத்திரண்டு வருஷமாகப் பரிசோதனை மேசையில் இருக்கிறாள். சாய்வான கண்ணாடிப் பலகை, அடியில் விளக்கு. அதன்மேல் துணி மெதுவாக ஓடும். ஒரு இழை விட்டிருந்தாலும், சாயம் ஒரு நூல் அளவு மாறியிருந்தாலும் அவள் நிறுத்திச் சாக்பீசால் வட்டம் போடுவாள். மில்லில் அவளுக்குப் பேர் 'கழுகு'. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கண்டுபிடித்தால் அது குறையாகாது. சாக்பீஸ் வட்டத்தை அழித்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிடுவார்கள். என்ன, எங்கே என்று எதுவும் சொல்லக் கூடாது. அவளும் அதே இடத்தில் விரல் வைத்தால்தான் குறை.

அம்மா கூப்பிடாத அந்த வாரங்களில் சில விஷயங்கள் நடந்தன. எனக்கு அவை அப்போது தனித்தனியாகத்தான் தெரிந்தன. "இந்தத் துண்டு என்ன கலர்டி?" என்று கேட்பாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயைப் பார்ப்பாள், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். வயதானால் வரும் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, விளக்கு போட்டதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீதான் எதுக்கெடுத்தாலும் எழுதறவளாச்சே. எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

"யாருக்கு?"

"மேனேஜருக்கு. திங்கக்கிழமை எல்லாருக்கும் கண் டெஸ்டாம். அதுக்கு முன்னாடி நானே கேட்டு பேக்கிங்குக்குப் போயிடறேன்."

"பேக்கிங்கா? நீயா? எதுக்கு?"

"எழுந்திருன்னு அவங்க சொல்லி எழுந்தா நல்லாவா இருக்கும்? நாமளா எழுந்துட்டா மரியாதை." பேனாவை என் பக்கம் தள்ளினாள். "எழுது. 'என் கண்பார்வை முன்போல் இல்லாத காரணத்தால்'..."

'காரணத்தால்' வரை எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை.

"அம்மா, உன் கண்ணுக்கு என்ன?"

"அதான் ரெண்டு சீட்டு வாங்கியாச்சே. மெஷினுக்கு ஒண்ணும் இல்லன்னா அப்புறம் யாருக்கு?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "உன் நோட்டுலயும்தான் இருக்கு."

அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"எனக்கு சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றேன். "இப்ப ஒரு தடவை லாரி ஓட்டு. நான் பின்னாடி நின்னு பாக்கறேன். எதையும் தொடமாட்டேன்."

"இப்ப எதுக்குடி?"

"ஓட்டும்மா."

நான் தொடாமல் நின்று அவளைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குட்டை ஸ்டூலை இழுத்து லேப்டாப்பை அதன்மேல் வைத்தாள். பிறகு மூடியைப் பின்னால் தள்ளினாள். பின்னும் தள்ளினாள். இனிமேல் போகாது என்கிற இடம்வரை தள்ளினாள். திரை ஏறக்குறைய படுத்துவிட்டது. அவள் தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் வைப்பியா?"

"வேற எப்படி வைப்பாங்க? துணியை நேரா நிறுத்திவெச்சு யாராவது பாப்பாங்களா?"

லாரி மலை ஏறியது. மூன்றாவது வளைவில், கீழே வலது பக்கத்தில், ஒரு பிடி மண்ணை வாரி வீசியதுபோல் புள்ளிகள் சிதறின.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

லாரி பள்ளத்தில் விழுந்தது. "கத்தாதடி பாவி! வண்டி போச்சு, சரக்கும் போச்சு!"

"எனக்குத் தெரியுதும்மா. அந்தப் புள்ளி. நானே பாத்தேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா இல்லம்மா."

"எங்க பாத்த?"

"கீழ, வலது பக்கம்."

"அது நான் உன்கிட்ட பதினேழு தடவை சொன்ன இடம்தானே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ நல்ல பொண்ணு. ஆனா நீ ரெண்டாவது ஆள் இல்ல. உனக்கு முன்னாடியே தெரியும்."

மில் வழக்கப்படி அவள் சொன்னது சரி. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதினேழு முறையும் நான் செய்ததை மனதில் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். போனேன், உட்கார்ந்தேன், திரையை நேராக்கினேன், அப்புறம் பார்த்தேன். குறையை என் கையாலேயே ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டு, குறை இல்லை என்று எழுதியிருக்கிறேன். சூட்டை அளந்தேன், நேரத்தைக் குறித்தேன். அவள் எப்படி உட்காருகிறாள் என்பதற்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். போகும் வழியெல்லாம் அம்மா ஒரே நிபந்தனை.

"நீ வாயைத் திறக்கக் கூடாது. என்ன, எங்கேன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் எழுந்து போயிடுவேன்."

டோக்கன் முப்பத்தொன்று. இடுப்பளவுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் புதிய டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி, மணிக்கட்டில் சுருள் ஒயர்ப் பட்டை. பழைய சீட்டுகள் இருந்தால் தரச் சொன்னார். "வீட்டுல இருக்கு" என்றாள் அம்மா. பைக்குள்தான் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா பிரச்சினை?"

"நீங்களே பாத்து சொல்லுங்க தம்பி."

"பிரச்சினை என்னன்னு சொன்னாத்தானேம்மா பாக்க முடியும்?"

"இருந்தா தெரியும். இல்லன்னா இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பெருமூச்சு விட்டு லேப்டாப்பைத் திறந்து, திரையை நேராக நிறுத்தி, அதில் திறந்திருந்த லாரி கேமைக் கிளப்பினார். ஐந்து நிமிடம் ஓட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு."

 அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

என்ன, எங்கே என்றுதானே சொல்லக் கூடாது? காத்திருப்பவர்கள் பக்கம் கால் நீட்டக் கிடந்த குட்டை ஸ்டூலை எடுத்துக்கொண்டு தடுப்பின் ஓரக் கதவு வழியே உள்ளே போனேன். "சார், ஒரு நிமிஷம்" என்று லேப்டாப்பை அதன்மேல் வைத்தேன். மூடியைப் போகும்வரை பின்னால் தள்ளினேன். "இப்படிப் பாருங்க."

"இதென்னங்க, குழந்தையைத் தொட்டில்ல போட்ட மாதிரி?"

"பாருங்க சார்."

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, லாரியை எடுத்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு.  மூன்றாவது வளைவில் அவர் சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அட. இது என்ன, பொடிப்பொடியா?"

அம்மா தடுப்பின்மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "எந்த இடம்? விரல் வெச்சுக் காட்டுங்க."

அவர் வைத்தார். கீழே, வலது பக்கம்.

"எங்கேருந்து எங்க வரைக்கும்?"

அவர் விரல் ஓரத்திலிருந்து கிளம்பி ஒரு சாண் தூரம் வந்து நின்றது. அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"கண்ணாடி போட்டா கழுகு மாதிரிம்மா."

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

டெக்னீஷியன் பதறிப்போனார். "அம்மா, அழாதீங்க. வாரன்ட்டி இருக்கு, உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. மூடியை ரொம்பப் பின்னாடி தள்ளும்போது திரைக்குப் போற கேபிள் கீல்ல நசுங்குது. நேரா வெச்சா தெரியாது. திரையைப் படமாப் பதிஞ்சாலும் தெரியாது, கோளாறு அதுக்கப்புறம் இருக்கறதால. பெரிய பழுதுகூட இல்லம்மா."

"பழுதுதானே?" பைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மெஷின்லதானே?"

"மெஷின்லதான்."

"நல்லா சொல்லுங்க."

"மெஷின்லதாம்மா!" அவர் என் பக்கம் திரும்பினார். "லேப்டாப் பழுதுன்னா இப்படிச் சந்தோஷப்படற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லைங்க."

நான் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முழங்கையைத் தட்டினாள். "அந்த லெட்டரை எதுவரைக்கும் எழுதின?"

"பாதி."

"பாதியோட நிறுத்து. திங்கக்கிழமை டெஸ்டுக்குப் போறேன்."

"கண் டாக்டரையும் ஒரு தடவை பாத்துடலாம்மா."

"பாக்கலாம், பாக்கலாம். அவருக்குக் கண்ணு எப்படின்னு முதல்ல நான் பாக்கறேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கவனம் என்மேல் இல்லை. டெக்னீஷியன் புகார்த்தாளை நிரப்பத் தொடங்கியிருந்தார். அவள் எழுந்து தடுப்பின்மேல் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, பச்சைப் புள்ளின்னு போட்டிருக்கீங்களா?"

"ஆமாம்மா. பச்சைதானே?"

"பச்சையா அது? மயில்கழுத்து. உள்ள வேலை பாக்கறவர் பச்சையைத் தேடினா அவருக்குக் கிடைக்காது."

அவர் மறுபடியும் ஸ்டூலின் முன் போய் உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து 'பச்சை' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா பேனாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஓரத்துல ரெண்டு புள்ளி மட்டும் ஊதா" என்றாள். "அதையும் போட்டுக்கோங்க."