சாலையைத் தாண்டாத குரல்

புங்கந்தாங்கலுக்கு வருவதே ஒரு பேப்பர்தான். பட்டணத்தில் காலையில் ஏறி, வாலாஜாபாத்தில் பஸ் மாறி, மாகறல் வழியாகக் குலுங்கிக் குலுங்கி வந்து, சாயங்காலம் நாலரைக்குத் தாண்டவராயன் சைக்கிள் கடை வாசலில் விழும். காலைச் செய்தி மாலையில் வந்தால் என்ன, ஊருக்கு அது புதுச் செய்திதானே? தாண்டவராயன் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து சினிமா விளம்பரம் வரைக்கும் உரக்கப் படிப்பான்.

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. பாரதக் கூத்தில் பத்து வருஷம் கட்டியங்காரன் வேஷம் கட்டிய குரல். மைக்காவது செட்டாவது, ஒரு மண்ணும் வேண்டாம். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குடியானவர்களுக்கும் கேட்கும். சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிற்கிற காலனி ஜனங்களுக்கும் கேட்கும். ஆமாம், அவர்கள் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். தீண்டாமை ஒழிப்புச் சட்டம் வந்து எத்தனையோ வருஷம் கழித்து, அறுபத்திரண்டிலும் அங்கேதான் நின்றார்கள். "இங்க வந்து குந்துங்கடா" என்று தாண்டவராயன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பெஞ்சில் இடம் இல்லாமலில்லை. அவர்களுக்கும் சேர்த்துக் கத்திப் படிக்கிறோமே, அதுவே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், மகானுபாவன்.

மரத்தடிக்குத் தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மார்த்தாள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிக்காரி. இன்னொருவன் அவள் மகன் அருள்தாஸ். இருவருக்கும் எழுத்து தெரியாது. அவர்கள் காலனி ஏரிக் கலங்கலுக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருந்தது. ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் நுழைவது மார்த்தாள் வீட்டில்தான். வருஷா வருஷம் சுவர் கரையும். வருஷா வருஷம் மண் குழைத்து எழுப்புவாள்.

இதைப் பார்த்துத்தான் சர்க்கார் ஓடைமேட்டில் நாற்பது மனை ஒதுக்கி, காலனிக்காரர்களுக்குப் பட்டா கொடுக்க உத்தரவு போட்டது. உத்தரவு வந்தது, மனை வரவில்லை. பஞ்சாயத்து பிரசிடெண்டு ராஜாராம் தன் மச்சான், மச்சானுடைய மாமனார், பம்புசெட்டு ஓட்டுகிற ஆள் என்று தேடித் தேடிப் பட்டாக்களைத் தன் ஆட்கள் பேரில் எழுதி வாங்கிவிட்டார். நாற்பது மனையிலும் வேர்க்கடலை போட்டாயிற்று.

ஆனி மாசத்தில் ஒரு நாள் அருள்தாஸ் சாலையைத் தாண்டி வந்து கடைக்கு வெளியே நின்றான்.

"நைனா, ஊருல கீற அக்கிரமமெல்லாம் படிக்கறியே, எங்களுக்கு நடக்கற அக்கிரமம் அதுல வராதா?"

"எய்திப் போட்டா வரும்டா."

"எய்தத் தெரிஞ்சா உன்னாண்ட இன்னாத்துக்கு வரேன்?"

தாண்டவராயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினான். 'நாற்பது குடும்பத்து மனையில் கடலை காய்க்கிறது' என்று தலைப்பும் அவனே வைத்தான். கீழே 'உள்ளூர்வாசி' என்று போட்டுவிட்டு, சொந்தப் பெயரைப் பேப்பர்காரர்களுக்கு மட்டும் தனிச் சீட்டில் எழுதி வைத்தான். பதினைந்தாம் நாள் அது அச்சாகி வந்தது. ஐயோ, அன்றைக்கு அவன் படித்த படிப்பைக் கேட்டிருக்க வேண்டும்! மூன்று தரம் படித்தான். சாலையில் போன கட்டை வண்டியெல்லாம் நின்றுவிட்டது. மார்த்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க கத பட்டணத்துல அச்சாயிகீது" என்று மறுநாள் வயல் வயலாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

பேப்பரில் வந்துவிட்டால் சும்மாவா? மேலிடம் அசைந்தது. டெபுடி கலெக்டர் ஒருத்தர் நேரில் வந்து விசாரிக்கப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. தேதிதான் தெரியவில்லை.

"தேதி பேப்பர்ல போடுவாங்களாமே. நீ படிக்கசொல்ல நாங்க கேட்டுக்கறோம்" என்றான் அருள்தாஸ். அன்றிலிருந்து தாயும் பிள்ளையும் சேற்றுக் காலோடு நேராக மரத்தடிக்கு வந்து நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜாராம் கடைக்கு வந்தார். சைக்கிளில் காற்று குறைவாம். காற்று அடித்து முடிக்கிறவரை சும்மா இருந்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"தாண்டவராயா, உன் கட எந்த எடத்துல கீது?"

"ரோட்டுப் பொறம்போக்குலங்க."

"யாரு குட்த்த எடம்?"

"நீங்கதான் பாத்து குட்த்தீங்க."

"ஞாபகம் கீது இல்ல, அது போதும். நாளைக்கோ நாளான்னிக்கோ விசாரண சமாச்சாரம் பேப்பர்ல வரும். படிக்காதேன்னு நான் சொல்ல மாட்டேன்பா. தாராளமா படி. கத்திக் கத்தி தொண்டய ஏன் கெட்த்துக்கற, அவ்ளோதான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடை போனால் தாண்டவராயனுக்குப் பிழைப்பு ஏது? கையில் வேறு தொழில் இல்லை, கைப்பிடி நிலமும் இல்லை. அவனைக் கோழை என்று நாம் வெளியே நின்று சொல்வது சுலபம். அவன் இடத்தில் இருந்தால் நமக்கும் நாக்கு உலர்ந்துதான் போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, வந்தது. ஐந்தாம் பக்கத்து மூலையில் நாலே வரி. புங்கந்தாங்கல் மனை ஒதுக்கீடு பற்றி வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உத்திரமேரூர் டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை நடக்கும், பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று இருந்தது.

நாலு பக்கத்தை எப்போதும்போல உரக்கப் படித்தான். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு அந்த நாலு வரியையும் ஒரு எழுத்து விடாமல் படித்தான். ஆனால் எப்படிப் படித்தான் தெரியுமா? பக்கத்தில் படுத்திருக்கிறவரை எழுப்பாமல் பேசுகிற மாதிரிப் படித்தான். பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. கன்னியப்பன் என்கிற குடியானவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அப்புறம் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான். சாலைக்கு அந்தப் பக்கம் மார்த்தாள் காதருகே கையைக் குவித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் தாண்டவராயன் அடுத்த செய்திக்குப் போய்விட்டான். வாலாஜாபாத் மண்டியில் நெல் விலை என்ன என்பதைக் கூத்துக் குரலில் முழங்கினான்.

சாப்பிடும்போது மனைவி பவளத்திடம் தானாகவே சொன்னான்.

"நான் படிச்சேன்டி. ஒரு வரி வுடல."

"மரத்தடிக்குக் கேட்டுதா?"

"காத்து எதிரா அடிச்சிது."

"எய்தசொல்ல இருந்த ஆம்பள எங்க போனான்?" என்று கேட்டுவிட்டுப் பவளம் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று முழு நாள்! காலனி எத்தனை தூரம்? சைக்கிள் மிதித்தால் ஐந்து நிமிஷம். செவ்வாய்க்கிழமை அருள்தாஸ் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே, "தேதி வந்துகீதா நைனா?" என்று கேட்டான். "இன்னிக்குப் பேப்பர்ல இல்லடா" என்றான் தாண்டவராயன். அது உண்மைதான். செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் இல்லைதானே? புதனும் அதே பதில், வியாழனும் அதே பதில். பொய் சொல்லாமலே ஒருத்தரைக் குழியில் தள்ளலாம் என்று அந்த மூன்று நாளில் அவன் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை அதிகாரி சொன்னபடி வந்தார். நல்ல மனுஷன் என்றுதான் பிறகு பேசிக்கொண்டார்கள். மத்தியானம் வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, "யாராவது வந்திருக்கிறார்களா?" என்று பியூனை மூன்று முறை வெளியே அனுப்பிக் கேட்டாராம். வந்தவர்கள் ராஜாராமும் அவருடைய மச்சானும்தான். பஞ்சாயத்து ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினீர்களா என்று கேட்டாராம். ஒட்டினோம் என்றார்களாம். ஒட்டியதும் வாஸ்தவம். கதவுக்கு உள்பக்கம் ஒட்டி, கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் மழை பிடித்தது. நாலு நாள் விடாத மழையில் ஏரி வழிந்தது. காலனியில் இடுப்பளவு தண்ணீர். ஜனங்கள் அரிசிப் பானையையும் ஆட்டுக்குட்டிகளையும் தூக்கிக்கொண்டு மாதா கோயில் கொட்டகைக்கு ஓடினார்கள். மார்த்தாள் வீட்டில் இந்த முறை சுவர் கரையவில்லை. மொத்தமாகச் சாய்ந்து, கூரையும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் பஸ் வந்தது, பேப்பரும் வந்தது. தாயும் பிள்ளையும் நனைந்த துணியோடு மரத்தடியில் நின்றார்கள். ஐந்தாம் பக்கத்தில் மறுபடி நாலு வரி. இதையாவது கேட்கும்படி படிக்க வேண்டும் என்று தாண்டவராயனுக்குத் தோன்றியதோ என்னவோ, எழுந்து நின்று, முழுக் குரலில் படித்தான்: "குறிப்பிட்ட நாளில் பாதிக்கப்பட்டவர் எவரும் விசாரணைக்கு ஆஜராகாததால், புகார் ஆதாரமற்றது என்று முடிவு செய்யப்பட்டு, விசாரணை கைவிடப்பட்டது."

அருள்தாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். கடைசியில் தாண்டவராயனைப் பார்த்தான். மார்த்தாள்தான், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாலையைத் தாண்டிக் கடை வாசலுக்கு வந்தாள்.

"விசாரண நடந்துட்சா நைனா? நாங்க தெனமும் வந்து நின்னுக்கினுதானே இருந்தோம். தேதி படிச்சியா?"

"படிச்சேன் மார்த்தா." குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அப்ப எங்க மேலதான் தப்பு. லாரி எதுனா போயிருக்கும், காதுல வியல. நீ எங்களுக்காவ எய்தி, இவ்ளோ தொண்ட நோவப் படிச்சியே, உன் ஒயப்ப நாங்க வீணாக்கிட்டோமே நைனா." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மனசுல வெச்சிக்காத."

சொல்லிவிடலாம், இப்போதே காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று தாண்டவராயன் வாயைத் திறந்தான். பெஞ்சில் ராஜாராமின் மச்சான் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். திறந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"மறுபடியும் மய வருது மார்த்தா. வூட்டுக்குப் போ."

மார்த்தாள் போகத் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்று, கோபமே இல்லாமல், வழி தெரியாதவள் வழி கேட்கிற மாதிரி அவனைக் கேட்டாள்.

"எந்த வூட்டுக்கு நைனா?"